ஒரு நாள் மூத்த குட்டிகள்

திரையில் பெரிதாகத் தெரிந்த எலிக்குட்டியின் பாதத்தைப் பார்த்ததும் எலியக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறையில் இருந்த மற்ற இருவருக்கும் புரியவில்லை. அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

"எட்டு தாயில மூணுக்கா," என்றார் டாக்டரம்மா. "வைரஸ் ரத்தத்துல இருக்கு, கல்லீரல்ல இருக்கு. குட்டிங்க கிட்ட மட்டும் போகல. நச்சுக்கொடி தடுத்து நிறுத்தியிருக்கு. எப்படி நிறுத்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சுதுன்னா..."

மீதியைச் சொல்லாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் இல்லை. தலைவலிக்கு மருந்து கேட்டுப் போன காவலாளியிடம், "நீங்க எலியா இருந்தா ஏதாவது செய்வேன்" என்று சொன்னவர். கர்ப்பிணிகளுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை எலிகளை வைத்து எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டு வருஷத்தில் அவர் முகம் இப்படி இருந்து எலியக்கா பார்த்ததில்லை.

"அந்த மூணும் ஒரே பெட்டி," என்றாள் பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவி. எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்வதால் அவளுக்கு அவசரம் என்று பெயர். "உங்க மாப்பிள்ளை எலியோட பெட்டிக்கா. அவன் வழியில ஏதோ இருக்கு. அவனை வச்சு இன்னும் முப்பது பெண்ணெலி சேர்த்துத் தரணும்."

"பாக்கலாம்," என்றாள் எலியக்கா. 

சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதை யாரும் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக எலி வீட்டில் வேலை. தீனி, தண்ணீர், படுக்கைத் தூள் மாற்றுவது, சேர்க்கை வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இதில் கடைசி வேலைதான் முக்கியம். ஆணெலியோடு சேர்ந்த பெண்ணெலியின் பிறப்புறுப்பு வாயிலில் காலையில் மெழுகு மாதிரி ஒரு வெள்ளை அடைப்பு இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பிளக் என்று பெயர். சில மணி நேரத்தில் அது உதிர்ந்துவிடும். ஆகவே தினமும் காலை ஏழு மணிக்குள் ஒவ்வொரு எலியாக வாலைத் தூக்கிப் பார்த்து, பெட்டி அட்டையில் அந்தத் தேதிக் கட்டத்தில் 'உண்டு', 'இல்லை' என்று எழுத வேண்டும். பிளக் தெரிந்த நாளிலிருந்து கர்ப்பம் எண்ணப்படும். எலியின் கர்ப்பமே மொத்தம் இருபது நாள். ஒரு நாள் பிசகினால் மனுஷிக்கு இரண்டு வாரம் பிசகிய மாதிரி.

பிசகியிருந்தது.

ஐந்து வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. விடியும்போது தங்கச்சிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஒன்பது வாரக் கர்ப்பம். கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். தங்கச்சி புருஷன் சரக்குக் கப்பலில் இருந்தான்; இன்னும் ஏழு மாதம் கழித்துத்தான் இறங்குவான். எலியக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வரிசை, ரத்தப் பரிசோதனை, இன்னொரு வரிசை. எலி வீட்டுக்குள் நுழைந்தபோது மதியம் பன்னிரண்டு. வருவதற்குள் யாருக்காவது போன் செய்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. பத்தொன்பது வருஷமாக ஒருநாள் கூடத் தவறாதவள் என்ற பெயர் போய்விடும் என்றும் தோன்றியது.

நாற்பது பெண்ணெலிகளையும் மதியத்தில் பார்த்தாள். எதிலும் பிளக் இல்லை. இருந்திருந்தாலும் உதிர்ந்திருக்கும். நாற்பது அட்டைகளிலும் செவ்வாய்க் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். 'பார்க்கவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை சரியாக ஏழுக்குப் பார்த்தாள். பதிமூன்று எலிகளில் பிளக் இருந்தது. டாக்டரம்மாவுக்குப் பதினாறு வேண்டும்: எட்டுக்கு வைரஸ் ஊசி, எட்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். அந்த வைரஸ் சாதாரண எலியை ஒன்றும் செய்யாது. அதற்காகவே எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வளர்த்த எலிகள் இவை. கிடைப்பதே கஷ்டம். ஊசி போடும் நாளும் அறையும் குறித்தாகிவிட்டது. மூன்று குறைகிறது.

மாப்பிள்ளையின் பெட்டியில் மூன்று பெண்ணெலிகள். மாப்பிள்ளை என்பது காது கிழிந்த ஓர் ஆணெலி. பிளக் இல்லையென்றாலும் அந்த மூன்றையும் கையில் எடுத்தபோதே எலியக்காவுக்குத் தெரிந்தது, காரியம் முடிந்துவிட்டதென்று. பெண்ணெலிகள் அவனை அண்டவிடவில்லை. அவனும் மூலையில் சுருண்டு கிடந்தான். திங்கள் சாயங்காலம் சேர்த்து வைத்தவை; திங்கள் இரவா, செவ்வாய் இரவா என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை இரண்டாவது இரவு வரை காத்திருந்த சரித்திரமே கிடையாது. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று அட்டைகளிலும் புதன் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினாள்.  வேலை முடிந்தது என்றுதான் இருந்தது.

பெட்டி பெட்டியாகத்தான் குழு பிரிப்பார்கள். அந்த மூன்றும் சேர்ந்து வைரஸ் பக்கம் போயின. ஏழாம் நாள் ஊசி. பதிமூன்றாம் நாள் பதினாறு தாய்களையும் மயக்கிக் கொன்று வயிற்றைத் திறந்தார்கள். வைரஸ் போட்ட ஐந்து தாய்களின் வயிற்றில் பாதிக் குட்டிகள் கரைந்து கறுப்புப் பொட்டுகளாக இருந்தன. மாப்பிள்ளையின் மூன்று பெண்களுக்கு மட்டும் எல்லாக் குட்டிகளும் முழுசாக, கொழுகொழுவென்று.

அன்று எலியக்கா பக்கத்தில் இல்லை, பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவசரம் ஓடிவந்து, "அக்கா, மூணு தாய் தப்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எலியக்கா அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். காரணம் உண்டு. தங்கச்சியின் ரத்தத்தில் இருந்ததும் அதே வைரஸ்தான். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது; அதற்கப்புறம் தங்கச்சி தூங்கவில்லை, சாப்பிடவில்லை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். எலியக்கா எலியைச் சொன்னாள்.

"எல்லாத் தாய்க்கும் அது குழந்தைகிட்டப் போறதில்லடி. எங்க இடத்துலயே மூணு தடுத்திருக்கு."

அன்று தங்கச்சி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

இப்போது திரையில் இருப்பது அந்த மூன்றில் ஒன்றின் குட்டி. பதிமூன்று நாள் குட்டியின் பாதம் துடுப்பு மாதிரி இருக்கும்; விரல் வரும் இடத்தில் சும்மா கோடு கிழித்திருக்கும். இந்தக் குட்டிக்கு விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. இது பதினாலு நாள் குட்டி. ஏழாம் நாள் ஊசி என்று எழுதியிருந்தாலும் இதன் தாய்க்கு ஊசி விழுந்தது எட்டாம் நாளில். எந்த நச்சுக்கொடியும் எதையும் தடுக்கவில்லை. ஒரு நாள் மூத்த குட்டிகள், அவ்வளவுதான்.

அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் வீட்டில் தங்கச்சி தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கடைக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாளைக்கு அறுபது சட்டை.

"என்னடி, ஆஸ்பத்திரிக்குப் போனியா இன்னிக்கு?" என்றாள் எலியக்கா. காய்ச்சல் வந்த கர்ப்பிணிகளை நாலு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையின் தலையை ஸ்கேனில் அளப்பார்கள். முதல் தடவை போன வாரமே போயிருக்க வேண்டும். இன்றைக்குப் போகிறேன் என்றிருந்தாள்.

"போகல."

"ஏன்?"

"எதுக்குப் போகணும்? அங்க உக்காந்திருக்கிறவங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் காய்ச்சல் வருது. பக்கத்துல ஒருத்தி, உங்களுக்கும் புள்ளி வந்துச்சான்னு கேக்குறா. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அந்த மூணு எலி மாதிரி."

"எலி எலிதான், நீ நீதான்."

"நீதானே சொன்ன?" தங்கச்சி நூலைப் பல்லால் கடித்தாள். "இருபது வருஷமா எலிகூட குடும்பம் நடத்துற. உனக்குத் தெரியாததா?"

"பத்தொன்பது."

"சரி, பத்தொன்பது. அவருகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். கப்பல்ல எல்லாருக்கும் சொல்லிட்டாராம். அந்த எலிக்கு ஒரு சிலை வைக்கணும்னு சமையல்காரர் சொன்னாராம்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.   எலியக்கா சொல்ல வந்ததைச் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போனாள்.

கழுவும்போது கணக்குப் போட்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அட்டையில் இருப்பது அவள் எழுத்து. பத்தொன்பது வருஷ எழுத்து; யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டாக்டரம்மா முப்பது எலிகளை மறுபடி சேர்க்கச் சொல்வார். இந்த முறை எலியக்கா ஏழு மணிக்குப் பார்ப்பாள். எல்லாத் தாய்க்கும் குட்டிகள் கரையும். டாக்டரம்மா ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். இன்னொரு முப்பது. இப்படியே இரண்டு வருஷம் ஓடும். கடைசியில் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிடுவார். சொன்னால் வேலை போகும், போகாமலும் இருக்கலாம். அது ஒரு பக்கம். தங்கச்சி இன்றைக்குச் சாப்பிட்டாள், சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

எலிகளுக்காக அவள் அழுததில்லை. அழுகிறவர்கள் அந்த வேலைக்கு மூன்று மாதத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். ஆனால் கொன்ற எலி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்ற ஒரே ஒரு பிடிவாதம் அவளுக்கு உண்டு. இந்த மூன்றையும் பொய் சொல்ல வைத்தது அவள்.

மறுநாள் காலை பிளக் பார்த்து முடித்ததும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அவசரம் அங்கேதான் இருந்தாள், தேநீர்க் கோப்பையும் கணினியுமாக.

"மேடம், அந்த மூணு எலியும் தடுக்கல," என்றாள் எலியக்கா. "தேதி தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் தேதி?"

எலியக்கா சொன்னாள். செவ்வாய், பன்னிரண்டு மணி, நாற்பது 'இல்லை', பதிமூன்று பிளக், மூன்று ஊகம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தங்கச்சியின் காய்ச்சலைக் கடைசியில்தான் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சொன்ன பிறகு தோன்றியது.

"அது எப்படித் தேதிதான் காரணம்னு சொல்றீங்க?" என்றாள் அவசரம். குரல் உயர்ந்திருந்தது. "நான் எட்டு நாள் உக்காந்து எண்ணியிருக்கேன்க்கா. வைரஸ் நச்சுக்கொடிக்கு இந்தப் பக்கமே நிக்குது."

"பாதத்தைப் பாரும்மா. விரல் பிரிஞ்சிருக்கு."

"அது நல்ல வளர்ச்சி. தாய் தடுத்ததால குட்டி நல்லா வளர்ந்திருக்கு. அதைத்தானே நாங்களும் சொல்றோம்."

"உப்புத் தண்ணி போட்ட குட்டிங்க படம் இருக்கா? அதைப் போடு."

போட்டாள். எந்த நோயும் இல்லாத தாய்களின் குட்டிகள், அதே பதிமூன்றாம் நாள். பாதங்கள் துடுப்பு மாதிரி இருந்தன. ஒன்றுக்குக்கூட விரல் பிரியவில்லை.

"நோய் வந்த தாயோட குட்டி, நோயே வராத தாயோட குட்டியவிட ஒரு நாள் முன்னாடி ஓடுமா?" என்றாள் எலியக்கா.

 டாக்டரம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு படம், அடுத்த படம், திரும்ப முதல் படம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் கண் முன்னாடி மூணு வாரமா இருந்திருக்கு," என்றார். "எனக்குப் பிடிச்ச மாதிரி இருந்ததால நான் பாக்கல." பிறகு எலியக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து. படத்தைப் பாத்ததும்."

"அட்டையில எழுதும்போது?"

எலியக்கா தரையைப் பார்த்தாள். "அப்பவும் தெரியும். இவ்வளவு பெரிசா வந்து நிக்கும்னு தெரியல."

"மூணு குறையுதுன்னு சொல்லியிருந்தா பதிமூணை வச்சே செஞ்சிருப்பேன்க்கா." டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எலியக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் வேணும் வேணும்னு குதிச்சேன். அதுவும் இருக்கு. ஆனா அது வேற, இது வேற. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பணும். அவங்க சொல்ற வரைக்கும் நீங்க பிளக் பாக்க வேண்டாம். பெட்டி கழுவுற பக்கம் போங்க."

"சரி மேடம்."

"அடுத்த மாசம் மாநாட்டுல பேசறதுக்குச் சுருக்கம் அனுப்பியாச்சு," என்றாள் அவசரம் மெதுவாக.

"திரும்ப வாங்கு. இன்னிக்கே."

எலியக்கா கதவு வரை போனபோது டாக்டரம்மா கூப்பிட்டார். "அக்கா. ஏழாம் நாள் ஊசி விழுந்தா குட்டி கரையுது, எட்டாம் நாள் விழுந்தா பிழைக்குது. இப்ப இருக்கிற தேதியை வச்சு இதைச் சொல்ல முடியாது. ஆனா கேக்க வேண்டிய கேள்வி இதுதான் போல. முறையா வச்சுப் பாக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தங்கச்சிக்கு எத்தனாவது வாரத்துல காய்ச்சல்?"

"ஒன்பது."

"நம்ம எலிக்கணக்கை அவங்களுக்குச் சொல்லாதீங்க. எது எதுக்குப் பொருந்தும்னு எனக்கே தெரியாது. எலிகிட்ட நாம கேள்வியைத்தான் கத்துக்கிறோம். பதில் அவங்களை ஸ்கேன்ல பாக்கிறவங்ககிட்டதான் இருக்கு."

"ஏற்கெனவே சொல்லிட்டேன் மேடம்."



அன்று சாயங்காலம் எலியக்கா கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, தங்கச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பொத்தான் டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

"அந்த மூணு எலி தப்பிக்கலடி."

"செத்துப் போச்சா?"

"அதெல்லாம் அன்னிக்கே கொன்னாச்சு. நான் அதைச் சொல்லல. அது ஒண்ணையும் தடுக்கல. நான் ஒரு நாள் தப்பா எழுதினதால அப்படித் தெரிஞ்சுது."

தங்கச்சிக்கு முழுசாக விளக்க அரை மணி நேரம் ஆனது. பிளக் என்ற சொல்லையே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை அவள், "அப்ப எட்டாம் நாள் பட்டா பிழைக்குதுல்ல? ஒன்பதாவது வாரம்னா எலிக்கு எத்தனாவது நாள்?" என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"எண்ணாத. அப்படிப் போட முடியாது."

"ஏன் முடியாது? அன்னிக்கு மட்டும் முடிஞ்சுதா?"

"அன்னிக்கும் முடியாது. நான் போட்டேன்."

தங்கச்சியின் முகம் மாறிக்கொண்டே போனது. "எந்தச் செவ்வாய்க்கிழமை?" என்றாள் கடைசியில். "உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு," என்றாள் எலியக்கா. 

"அப்ப என்னாலதான்."

"லூசு மாதிரி பேசாத. உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. பொய் எழுதினது நான்."

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ல? எனக்கு மட்டுமாவது சொல்லாம இருந்திருக்கலாம்ல? நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன்."

"நிம்மதியா இருந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்த."

தங்கச்சி கையிலிருந்த சட்டையை அவள்மேல் எறிந்தாள். சட்டைதானே, வலிக்கவில்லை. பிறகு சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எலியக்கா சட்டையை மடித்து வைத்தாள். பிறகு ஊசியை எடுத்து மீதியிருந்த பதினொரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். கோணலாக வந்தது. தங்கச்சி திரும்பாமலே, "நாலு துளையிலயும் ரெண்டு தடவை போகணும்" என்றாள். 

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலையில் தங்கச்சி தலை வாரி, உடை மாற்றிக்கொண்டு கதவருகே நின்றாள். "லீவு சொல்லிட்டியா?" என்றாள். எலியக்கா போன் செய்து சொன்னாள். பேருந்தில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இடம் இருந்தது.

ஸ்கேன் எடுத்தவள் நடுவயதுக்காரி, வாயில் மிட்டாய் போட்டிருந்தாள். தங்கச்சியின் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. தலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். தங்கச்சி திரையைப் பார்க்கவில்லை. எலியக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலியக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்ட அவளுக்கு எதுவும் தெரியவும் இல்லை. எலியென்றால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

"தலை அளவு இந்த வாரத்துக்குச் சரியா இருக்கு," என்றாள் ஸ்கேன்காரி. "நாலு வாரம் கழிச்சு வாங்க."

"அப்ப ஒண்ணும் இல்லையா?" என்றாள் தங்கச்சி.

"இன்னிக்கு இருக்கிறதைத்தான்மா நான் சொல்ல முடியும். போன தடவை நீங்க வரல. அடுத்த தடவை தவறாம வாங்க."

தங்கச்சி பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருத்துவரைப் பார்ப்பதற்கான வரிசையில் பதினேழு பேர் இருந்தார்கள். இரண்டு நாற்காலி காலியாக இருந்த இடத்தில் தங்கச்சி போய் உட்கார்ந்தாள். முதலில் பக்கத்து நாற்காலியில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எலியக்கா அங்கே போய் உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனை தடவை இப்படி வரணும்?" என்றாள் தங்கச்சி.

"பிறக்கிற வரைக்கும். அதுக்கப்புறமும் ஒரு வருஷம் பாப்பாங்களாம்."

"உனக்கு வேலை இருக்குமா அதுவரைக்கும்?"

"தெரியாது."

"எது கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லு."

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

தங்கச்சி அவளை ஒரு தடவை முறைத்துவிட்டு, முன்னால் இருந்தவர்களின் தலைகளை எண்ண ஆரம்பித்தாள்.